வீட்டுக் கரம் பலகைக்கு எந்த ஸ்ராண்ட் பொருத்தம்?

கரம் பலகை வாங்கப் போகிறவர்கள் பிளைவூட்டின் தடிப்பைக் கேட்கிறார்கள். சட்டத்தின் மரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஸ்ரைக்கரைச் சுண்டி ஓட்டம் பார்க்கிறார்கள். அதை எதன்மேல் வைப்பது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகிறது. முதல் சில நாட்கள் பாயிலும் கட்டிலிலும் விளையாட்டு நடக்கும். பிறகு, கீழே இருந்தால் எழும்ப முடியாது என்று அம்மப்பா விலகிக்கொள்வார். கட்டில் ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பலகை அலுமாரிக்குப் பின்னால் போய்விடும்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்திலும் உறவினர் வீடுகளிலும் பல ஆண்டுகளாகப் பலகைகளை ஏற்றி இறக்கியதில் நான் கண்டது இதுதான்: வீட்டில் யார் யார் விளையாடுவார்கள், எவ்வளவு காலம் விளையாடுவார்கள் என்பதைப் பலகையைவிட ஸ்ராண்டே அதிகம் தீர்மானிக்கிறது. ஆகவே ஸ்ராண்ட் வாங்குபவர்களுக்கும் ஓடாவியாரிடமோ வெல்டிங் பட்டறையிலோ செய்விப்பவர்களுக்கும் உதவும் விபரங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் பலகையை அளவுங்கள்

1988 ஆம் ஆண்டு சென்னையில் உருவான சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஆட்டப்பரப்பு 73.5 முதல் 74 சென்ரிமீற்றர் வரையான சதுரம். பிளைவூட்டின் தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சுற்றுச் சட்டத்தின் அகலம் 6.35 முதல் 7.6 சென்ரிமீற்றர் வரை. எனவே போட்டிப் பலகையொன்றின் வெளிப்பக்க அளவு ஏறத்தாழ 86 முதல் 89 சென்ரிமீற்றர் வரை வரும். வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் பலகைகள் பல அளவுகளில் இருக்கின்றன. சிலவற்றின் சட்டம் ஒடுங்கியது, சிலவற்றின் ஆட்டப்பரப்பே சிறியது. அதனால் “கரம் ஸ்ராண்ட்” என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது.

நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பலகையின் வெளிப்பக்க நீளம். இரண்டு, சுற்றுச் சட்டத்தின் அகலம். மூன்று, பலகையின் அடியிலிருந்து ஆட்டப்பரப்பு வரையுள்ள உயரம். நான்கு, எடை. எடை பார்ப்பது இலகு: பலகையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, வரும் எடையிலிருந்து உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

சட்டத்தின் அகலம் ஏன் முக்கியம் என்றால், ஸ்ராண்ட் தாங்க வேண்டியது சட்டத்தையே. ஸ்ராண்டின் மேற்குழாய்கள் உள்ளே ஒடுங்கி, பிளைவூட்டின் நடுப்பகுதியை மட்டும் தாங்கினால், ஒருவர் விளிம்பில் கை ஊன்றும்போது எதிர்ப்பக்கம் கிளம்பும். நாளடைவில் மெல்லிய பிளைவூட் மேல்நோக்கி வளையவும் கூடும். வெளிப்பக்கம் 86 சென்ரிமீற்றரும் சட்டம் 6.5 சென்ரிமீற்றரும் கொண்ட பலகைக்கு, மேற்குழாய்கள் இரண்டும் நடுவிலிருந்து நடு 78 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால் சட்டத்தின் அடியில் சரியாகப் பொருந்தும்.

உயரம்: யார் விளையாடுவார்கள் என்ற கேள்வி

பலகை தரையிலிருந்து 63 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 70 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. இது வீட்டுக்கும் நல்ல அளவே. சாதாரண பிளாஸ்ரிக் கதிரையின் இருக்கை 40 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். ஆட்டப்பரப்பு 66 சென்ரிமீற்றரில் இருந்தால், கதிரையில் இருப்பவரின் முன்னங்கை தோளை உயர்த்தாமலேயே சட்டத்தின் மேலாகச் செல்லும். விரல் மட்டும் வேலை செய்யும்.

கணக்கு இப்படி: உங்களுக்கு வேண்டிய ஆட்டப்பரப்பு உயரத்திலிருந்து, பலகையின் அடியிலிருந்து ஆட்டப்பரப்பு வரையான உயரத்தைக் கழியுங்கள். அந்த உயரம் 3 சென்ரிமீற்றர் என்றால் 66 இல் 3 போக 63. அதுவே ஸ்ராண்டின் உயரம். கதிரை 43 சென்ரிமீற்றர் என்றால், இருக்கைக்கும் பலகையின் அடிக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் இருக்கும். பெரும்பாலானவர்களின் தொடை அதற்குள் அடங்கும்.

சாப்பாட்டு மேசை ஏன் சரிவராது என்பதற்கும் இந்தக் கணக்கே விடை. பொதுவாக 75 சென்ரிமீற்றர் உயரமுள்ள மேசையில் பலகையை வைத்தால் ஆட்டப்பரப்பு 78 சென்ரிமீற்றருக்குப் போய்விடும். பெரியவர்களுக்குத் தோள் வலிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பலகை நெஞ்சுக்கு மேலே நிற்கும். பிள்ளை எழும்பி நின்று அடிக்கப் பழகும். இருந்தபடியே அடிக்க வேண்டும் என்பது விதி என்பதால், அந்தப் பழக்கம் பாடசாலைப் போட்டிக்குப் போகும்போது தடையாகும்.

தரையில் வைத்து விளையாடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் முழங்கால் நோவுள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும், காலை இழந்தவர்களையும் அது முதலிலேயே விலக்கிவிடுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் போரில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் உள்ள வீடுகள் ஏராளம். உடலால் ஓட முடியாதவரும் மற்றவர்களோடு சரிசமமாக மோதக்கூடிய விளையாட்டு கரம். அத்தகைய வீட்டில் விதியின் அளவைவிட நாற்காலியின் அளவே முதன்மையானது. அவர் நாற்காலியில் இருக்கும்போது தரையிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரை அளவுங்கள். கைப்பிடி கழற்ற முடியாததாக இருந்தால் அதன் உயரத்தையும் அளவுங்கள். இரண்டில் கூடியதற்கு மேலே மூன்று விரல் இடைவெளி விட்டு ஸ்ராண்டின் உயரத்தைத் தீர்மானியுங்கள். ஆட்டப்பரப்பு 70 சென்ரிமீற்றரைத் தாண்டினால் தாண்டட்டும். மற்றவர்களின் கதிரையில் ஒரு மெத்தையைப் போட்டுச் சமப்படுத்தலாம். அவர் இருக்கும் பக்கத்தில் தரையோடு குறுக்குச் சட்டம் இல்லாதிருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் நாற்காலியின் கால்மிதி அதில் முட்டி நின்றுவிடும்.

மட்டம்: விறாந்தையின் சரிவை மறக்காதீர்கள்

மழைநீர் வெளியே ஓடுவதற்காக விறாந்தைத் தரையை மேசன்மார் வேண்டுமென்றே சற்றுச் சரிவாகவே போடுவார்கள். கண்ணுக்கு அது தெரியாது, காய்க்குத் தெரியும். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு என்றால், 74 சென்ரிமீற்றர் ஆட்டப்பரப்பின் ஒரு விளிம்பு மற்றையதைவிட 7.4 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும். கரம் காயொன்றின் தடிப்பே 7 முதல் 9 மில்லிமீற்றர்தான். ஒரு பக்கத்தின் அடியில் ஒரு காயை வைத்து உயர்த்திவிட்டு விளையாடுவதும் இதுவும் ஒன்றே. பவுடர் போட்ட பலகையில் உராய்வு மிகக் குறைவு. அதனால் சிறு சரிவும் மெதுவாகப் போகும் காயைத் திருப்பிவிடும். மேட்டுப் பக்கம் இருப்பவருக்கும் பள்ளப் பக்கம் இருப்பவருக்கும் ஒரே அடி இரண்டு விதமாகப் போகும்.

எனவே இடம் மாற்றி வைக்கும் ஸ்ராண்டுக்குக் கால் உயரத்தைத் திருத்தும் வசதி வேண்டும். இது பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அதில் தலை கீழ்நோக்கியபடி ஒரு போல்ட்டைப் பூட்டினால், திருகித் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். மரக் கால் என்றால் இரும்புத் தகட்டில் நட்டை ஒட்டி, தகட்டைக் காலின் அடியில் அறையலாம். நான்கு காலுக்கும் செய்ய வசதி இல்லாவிட்டால் ஒரே பக்கத்து இரண்டு காலுக்காவது செய்யுங்கள். அந்தப் பக்கத்தைத் தரையின் பள்ளப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

மட்டம் பார்க்க மேசனின் நீர்மட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலி போதும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு கண்ணாடி மாபிளைப் பலகையின் நடுவில் மெதுவாக வையுங்கள். நான்கு திசையிலும் திருப்பி வைத்து, ஒவ்வொரு முறையும் எப்பக்கம் உருள்கிறது என்று பாருங்கள். ஸ்ராண்டை அப்படியே விட்டுவிட்டுப் பலகையை மட்டும் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். மாபிள் பழைய திசைக்கே உருண்டால் குறை ஸ்ராண்டிலோ தரையிலோ உள்ளது. பலகையோடு சேர்ந்து திசை மாறினால் பலகையே வளைந்துவிட்டது. அதற்கு எந்த ஸ்ராண்டும் மருந்தாகாது.

சந்தையில் உள்ள வகைகள்

முதலாவது, கத்தரிபோல மடியும் ஸ்ராண்ட். இரண்டு சோடிக் கால்கள் நடுவில் ஒரு போல்ட்டில் குறுக்கிட்டு நிற்கும். மடித்தால் தட்டையாகிவிடும், ஒருவரே தூக்கலாம், விரிக்க அரை நிமிடமும் ஆகாது. சிறிய வீட்டுக்கு இதுவே வசதி. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 63 சென்ரிமீற்றர் உயரத்திலும் 76 சென்ரிமீற்றர் அகலத்திலும் நிற்க ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 99 சென்ரிமீற்றர் நீளமாக இருக்க வேண்டும். அந்தக் கால்கள் 4 சென்ரிமீற்றர் கூடுதலாக விரிந்தால் உயரம் 5 சென்ரிமீற்றர் வரை இறங்கிவிடும். ஆகவே விரிவைக் கட்டுப்படுத்தும் சங்கிலியோ இரும்புத் தகடோ இரு பக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும். கயிறு போதாது; அது நாளாக நாளாக இழுபடும். அத்துடன் கத்தரிக்கால் குறுக்கிடும் இரண்டு பக்கமும் காலை நீட்ட இடம் குறைவு. இருவர் மட்டும் விளையாடும்போது மற்ற இரு பக்கங்களில் எதிரெதிரே இருங்கள்.

இரண்டாவது, இரட்டைக் குதிரை. ஓடாவிமார் மரம் அறுக்க வைத்திருப்பது போன்ற இரண்டு மடிப்புக் குதிரைகளை இணையாக வைத்து, அவற்றின் மேல் பலகையை ஏற்றுவது. ஒவ்வொன்றும் எடை குறைந்தது. முச்சக்கர வண்டியிலும் கொண்டுபோகலாம். பலகை இல்லாத நேரத்தில் ஒரு கதவுப் பலகையை மேலே போட்டு, வீட்டில் விசேடம் என்றால் பந்தி மேசையாகவும் பாவிக்கலாம். இதன் குறை, இரண்டும் ஒன்றோடொன்று பூட்டப்படாதது. யாராவது காலால் தட்டினால் ஒன்று மட்டும் நகரும். இரண்டையும் இணைக்க இரு முனையிலும் கொளுக்கியுள்ள கம்பி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கழற்றிப் பூட்டும் நான்கு கால் ஸ்ராண்ட். ஒரு சதுரச் சட்டம், மூலைக்கொரு கால். விளையாடும்போது அசையாமல் நிற்பதில் இதற்கு நிகரில்லை. கால்கள் மூலையில் இருப்பதால் நான்கு பேருக்கும் முழங்காலுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். ஸ்பானர் தேடாமல் கையாலேயே இறுக்கக்கூடிய காதுள்ள நட்டுகளைப் போடச் சொல்லுங்கள். பூட்டக் கால் மணித்தியாலம் தேவைப்படும் ஸ்ராண்ட், கிழமைக்கொரு தடவை விளையாடும் வீட்டில் நிலைக்காது.

நான்காவது, வீட்டில் ஏற்கனவே இருப்பதைப் பாவிப்பது. விறாந்தையில் உள்ள சிறிய ரீப்போ 40 முதல் 45 சென்ரிமீற்றர் உயரம் என்றால், சின்னப் பிள்ளைகள் தாழ்ந்த ஸ்ரூலில் இருந்து விளையாடப் போதும். ஆனால் ரீப்போ பலகையைவிடச் சிறியது என்பதால் சட்டம் வெளியே தொங்கும். பிள்ளை ஒரு மூலையில் சாய்ந்தால் பலகை கவிழும். கவிழ்த்த வாளி, தண்ணீர்ப் பரல், அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

இரும்பா, மரமா?

வெல்டிங் பட்டறைகளில் அதிகம் பாவிக்கப்படுவது ஓர் அங்குலச் சதுரப் பொக்ஸ் பார். 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ளது மீற்றருக்கு ஏறத்தாழ 0.9 கிலோகிராம். மேலே சொன்ன கத்தரிக்கால் ஸ்ராண்டுக்கு 7 மீற்றர் வரை தேவைப்படும். எனவே எடை 6 கிலோவுக்குச் சற்று மேலே வரும். வளர்ந்த ஒருவர் ஒரு கையால் தூக்கலாம். இதைவிட மெல்லிய குழாய் வாங்கும்போது இலகுவாகத் தெரியும். ஆனால் நடுப் போல்ட் போகும் துளை நாளடைவில் அகன்று ஸ்ராண்ட் ஆடத் தொடங்கும். துளைக்குள் ஒரு சிறு குழாயை வைத்து ஒட்டி, அதனூடாகப் போல்ட்டை விடச் சொன்னால் இந்தப் பிரச்சினை வராது. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கல்வனைஸ் செய்த பார் எடுத்து, வெல்டிங் செய்த இடங்களுக்கு மட்டுமாவது துருத்தடுப்புப் பூச்சும் பெயின்றும் அடியுங்கள். குழாய் முனைகளை மூடாமல் விட்டால் உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும்.

மரத்தில் தேக்கு, மகோகனி, பலா, வேம்பு எல்லாம் உழைக்கும். எந்த மரமாயினும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த கால் மாரி முடிந்து வெயில் வந்ததும் முறுகும். நான்கு காலும் பிறகு ஒரு மட்டத்தில் நிற்காது. மரக் கால்களை ஆணியால் மட்டும் இணைக்க விடாதீர்கள். மடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆணி தளரும். போல்ட்டும் இரு பக்கமும் வொஷரும் வேண்டும்.

எந்தப் பொருளாயினும், காலடியில் இறப்பர் வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினாலே போதும். மேற்குழாயிலும் அதே இறப்பரைச் சுற்றினால், ஸ்ரைக்கர் சட்டத்தில் மோதும்போது பலகை வழுக்காது, சத்தமும் குறையும். இரவில் பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளைக்கும் அது நல்லது.

விரலும் காலும் கவனம்

மடியும் எந்தப் பொருளிலும் விரல் நசியும் இடம் ஒன்று உண்டு. கத்தரிக்காலில் அது நடுப் போல்ட்டைச் சுற்றியுள்ள பகுதி. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், விரித்த பின் தானாக மடியாதபடி ஒரு கொளுக்கி இருக்க வேண்டும். மேற்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒரு அங்குல உயரத்தில் தடுப்புத் துண்டுகளை வைத்தால் பலகை நழுவி விழாது. தடித்த பிளைவூட்டில் செய்த பலகை பத்துக் கிலோவைத் தாண்டும். அது விளிம்போடு ஒரு குழந்தையின் காலில் விழுந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்றும்போது முதலில் ஸ்ராண்ட், பிறகு பலகை. இறக்கும்போது முதலில் பலகை, பிறகு ஸ்ராண்ட். பலகையோடு சேர்த்து இழுத்து இடம் மாற்றுவதைப் பழக்கமாக்க வேண்டாம்.

விளையாடி முடிந்ததும் பலகையைச் சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் விடுவது பிளைவூட்டை வளைக்கும். சட்டத்தைத் தாங்கும் இரண்டு உறுதியான கொளுக்கிகளில் சுவரோடு சுவராகத் தொங்கவிடுவது நல்லது. வெயில் படும் சுவரும் மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரும் வேண்டாம். மர ஸ்ராண்டை மண்தரையில் வைத்தால் கறையான் தேடி வரும். இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கடையிலோ பட்டறையிலோ ஐந்து நிமிடம் எடுத்து இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் ஸ்ராண்டை விரித்து, எதிரெதிர் மூலைகள் இரண்டில் உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு மற்ற இரு மூலைகள். ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பினால் அது முறுகிய ஸ்ராண்ட். கடைத் தரை சரியில்லை என்று சொல்வார்கள். ஸ்ராண்டைக் கால்வட்டம் திருப்பி வைத்து மீண்டும் அழுத்துங்கள். அதே கால் மறுபடியும் கிளம்பினால் குறை தரையில் இல்லை.

அடுத்து, மேற்சட்டத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசான அசைவு எதிலும் இருக்கும். விட்டதும் உடனே நிற்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் மூட்டுகள் தளர்வு. பிறகு உங்கள் வீட்டில் பலகையைத் தூக்கக்கூடிய ஆகக் குறைந்த பலமுள்ளவர் யாரோ, அவரைக் கொண்டே ஒருமுறை விரித்து மடிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, கடையில் உள்ள கதிரையொன்றைப் போட்டு நான்கு பக்கமும் இருந்து பாருங்கள். முழங்கால் எங்கே இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

செய்விப்பதாக இருந்தால், வாயால் சொல்லிவிட்டு வராமல் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: பலகையின் வெளிப்பக்க நீளம், மேற்குழாய்களின் இடைவெளி, ஸ்ராண்டின் உயரம், மடித்த பின் எத்தனை அங்குலத்துக்குள் அடங்க வேண்டும், எந்தப் பக்கம் குறுக்குச் சட்டம் கூடாது, எந்தக் கால்களுக்குத் திருத்தும் போல்ட். முடிந்தால் பலகையையே பட்டறைக்குக் கொண்டுபோய், வெல்டிங் வைப்பதற்கு முன் ஒருமுறை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2012 இல் உலகச் சம்பியன் பட்டம் வென்ற நிசாந்த பெர்னாண்டோ போன்றவர்களைத் தந்த நாடு இது. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் மின்சாரம் நின்ற ஒரு மாலையில், நான்கு தலைமுறையில் இருந்தும் ஆளுக்கொருவர் ஒரே பலகையைச் சுற்றி இருக்க முடியும். அந்த நால்வரில் கதிரையில் இருந்து எழும்ப ஆகக் கஷ்டப்படுபவர் யாரோ, அவரின் முழங்காலில் இருந்து அளவு நாடாவைப் பிடியுங்கள்.